ஏழாம் பக்கம், நான்காம் பத்தி

பயிற்சிப் புத்தகத்தின் முப்பத்தோராம் பக்கத்தில் ஒரு மனிதர் மலை ஏறினார். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. கால் வழுக்கியது. ஆனாலும் ஏறினார். உச்சியில் நின்று, விடாமுயற்சி என்றால் என்னவென்று அன்றுதான் தனக்குப் புரிந்தது என்று எழுதியிருந்தார்.

ட்ரீனா ஹால்கம் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு, "இந்த ஆளுக்கு வீட்ல வேலைவெட்டி ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டாள்.

வகுப்பு சிரித்தது. வகுப்பு என்றால் ஆறு பேர். நூலகத்தின் அடித்தளத்தில், பழைய நாளிதழ்க் கட்டுகளுக்கு நடுவே, செவ்வாயும் வியாழனும் மாலை ஐந்து மணிக்குக் கூடுவார்கள். பழுதான கார்களை இழுத்துப் போகும் லாரி ஓட்டுகிற டோபி மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தான்.

"கேள்வி அது இல்ல, மிஸஸ் ஹால்கம்," என்றான் ஆசிரியன் கெண்டல். இருபத்தேழு வயது. ஒஹாயோவிலிருந்து இந்தக் கென்டக்கி மலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "ஆசிரியர் இதை எதுக்காக எழுதினாரு? அதுதான் கேள்வி. நாலு விடை குடுத்திருக்காங்க, பாருங்க."

"பாத்துட்டேன் தம்பி. பொழுது போகாம எழுதினாருன்னு நாலுலயும் இல்ல."

ஐம்பத்திரண்டு வயதில் ட்ரீனாவை இந்த மேசையில் கொண்டுவந்து உட்காரவைத்தது ஒரு கடிதம். பதினாறு வயதில், வயிற்றில் பிள்ளையோடு பள்ளியை விட்டவள் அவள். பிறகு இருபத்துமூன்று வருஷம் அதே பள்ளியின் சமையற்கூடத்தில் நின்றாள். நானூறு பிள்ளைகளுக்குக் காலையும் மதியமும் சாப்பாடு. எந்தப் பிள்ளைக்கு வேர்க்கடலை ஆகாது, எந்தப் பிள்ளைக்கு வீட்டில் இரவுச் சாப்பாடு கிடையாது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். தலைமைச் சமையற்காரி லூர்லீன் ஓய்வு பெற்றபோது, அந்த இடம் ட்ரீனாவுக்குத்தான் என்று பாத்திரம் கழுவும் பெண்ணுக்குக்கூடத் தெரியும். மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு மட்டும் தெரியவில்லை. புதிய விதிப்படி அந்தப் பதவிக்குப் பள்ளி இறுதிச் சான்றிதழ் வேண்டும்; இல்லாதவர்கள் அதற்கு இணையான தேர்வை எழுதித் தேறி வரலாம்; அதுவரை ட்ரீனா தற்காலிகமாக அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று கடிதம் வந்தது. கீழே பிரென்ட் ஆஸ்கின்ஸ் என்ற அதிகாரியின் கையெழுத்து. பின்னால் பதினொரு பக்க விதிகளை நறுக்கென்று குத்தி இணைத்திருந்தார்கள். ட்ரீனா கடிதத்தை வாசித்தாள். பதினொரு பக்கத்தை யார் வாசிப்பார்கள்?

கணக்குத் தேர்வை அவள் முதல் தடவையிலேயே முடித்துவிட்டாள். நானூறு பிள்ளைக்கு மாவு அளந்தவளுக்குப் பின்னம் ஒரு பொருட்டா? அறிவியலும் சமூகவியலும்கூட எப்படியோ தேறிவிட்டன. வாசித்துப் புரிந்துகொண்டு விடை சொல்வதுதான் அவளை வழிமறித்தது. மாதிரித் தேர்வில் இரண்டு தடவை குப்புற விழுந்தாள்.

விழுந்ததற்கு ஒரு ரொட்டி காரணம். ஒரு பத்தியில், புதிதாகக் கல்யாணமான பெண்ணொருத்தி ரொட்டி சுடுகிறாள். மாவு உப்பவில்லை. அழுகிறாள். மறுநாள் பொறுமையாகப் பிசைகிறாள், உப்புகிறது. முதல் நாள் ஏன் உப்பவில்லை என்பது கேள்வி. ட்ரீனா கேள்வியைப் பார்த்து மூக்கால் ஊதினாள். பத்தியின் நடுவில் அந்தப் பெண் மாவை உப்பவைக்கிற ஈஸ்டைக் கொதிக்கிற தண்ணீரில் கரைத்ததாக ஒரு வரி இருந்தது. ஈஸ்ட் செத்துப்போயிற்று, அவ்வளவுதான். அந்த விடையைக் குறித்தாள். தவறு. அந்தப் பெண்ணின் மனம் அமைதியாக இல்லை என்பதுதான் சரியான விடையாம்.

"மனசா?" என்றாள் கெண்டலிடம். "மனசு அமைதியா இருந்தா செத்த ஈஸ்ட் எந்திரிச்சு வருமா தம்பி?"

"நீங்க சொல்றது சரியாவே இருக்கலாம். ஆனா உங்களுக்குத் தெரிஞ்சதை அவங்க கேக்கல. பத்தி என்ன சொல்லுதுன்னுதான் கேக்கறாங்க."

"பத்தியே தப்பா இருந்தா?"

"அப்பவும் பத்திதான்."

வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் அதை அப்படியே நடித்துக் காட்டினாள். ராய்ஸ் முப்பது வருஷம் சுரங்கத்தில் கரி வெட்டியவன். இப்போது நாற்காலியில் உட்கார்ந்து, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, ஊர் வம்பு கேட்பதே அவனுக்கு உத்தியோகம்.

"அப்பவும் பத்திதானாம்!" என்றாள்.

"பாவம், சின்னப் பையன். அவன் ரொட்டியைக் கடையில பாத்திருப்பான்," என்றான் ராய்ஸ்.

"எழுதினவளும் அப்படித்தான். கேள்வி போட்டவன் ரொட்டியே தின்னதில்ல போல."

ஆனாலும் அவள் வகுப்பை விடவில்லை. அவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்பதைப் பிடித்துவிட்டாள். கேள்வி போட்டவனுக்கு மனசு பிடிக்கும், துயரம் பிடிக்கும், பாடம் கற்றுக்கொண்டவர்களை ரொம்பப் பிடிக்கும். ஈஸ்ட் பிடிக்காது. அதைத் தெரிந்துகொண்டதும் பத்துக்கு எட்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு குறித்தாள். போதாக்குறைக்குப் பத்தியின் ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டுத் தொட்டு, "இதை நீ சொன்னியா, நானா நினைச்சுக்கிட்டேனா?" என்று காகிதத்தோடு சண்டை போடுகிற பழக்கமும் வந்துவிட்டது.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, வீட்டிலிருந்து நிஜமான காகிதம் ஏதாவது எடுத்துவரச் சொன்னான் கெண்டல். மருந்துச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், எதுவானாலும் சரி, அதன் மையக் கருத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். டோபி மீன்பிடி அனுமதிச் சீட்டைக் கொண்டுவந்தான். ட்ரீனா குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து மாட்டியிருந்த ஆஸ்கின்ஸின் கடிதத்தை, அந்தப் பதினொரு பக்கத்தோடு பிடுங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

விரலை வைத்து வாசித்தாள். ஆறாம் பக்கம்வரை கையுறை, தலைமுடி வலை, வெப்பமானி. ஏழாம் பக்கம், நான்காம் பத்தியில் விரல் நின்றது. மறுபடி வாசித்தாள். பிறகு காகிதத்தைக் கெண்டல் பக்கம் திருப்பினாள்.

"தம்பி, இது என்ன சொல்லுதுன்னு நீ சொல்லு. நான் வாயைத் திறக்கல."

கெண்டல் சத்தமாகவே வாசித்தான். "மேற்கண்ட கல்வித் தகுதி, இவ்விதி நடைமுறைக்கு வருமுன் பத்தாண்டுகளோ அதற்கு மேலோ தொடர்ந்து பணியாற்றிய ஊழியர்களின் பதவி உயர்வுக்குப் பொருந்தாது." நிமிர்ந்தான். "நீங்க எத்தனை வருஷம்?"

"இருபத்துமூணு."

டோபி மீன்பிடிச் சீட்டைக் கீழே வைத்தான். அவன்தான் கேட்டான். "அப்ப நீங்க ஆறு மாசமா இங்க எதுக்கு வந்தீங்க?"

"மாவட்ட ஆபீஸ்ல ஒரு ஆளுக்கு வாசிக்கத் தெரியலங்கறதுக்காக," என்றாள் ட்ரீனா.

மறுநாள் மதியச் சாப்பாடு முடிந்ததும், ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் மாவட்ட அலுவலகத்துக்குப் போனாள். ஆஸ்கின்ஸின் அறைச் சுவரில் இரண்டு பட்டங்கள் சட்டம் போட்டுத் தொங்கின. அவர் எழுந்து நின்று சிரித்தார். அரசியல்வாதிக்கு இருக்கவேண்டிய சிரிப்பு.

"வாங்க வாங்க, ட்ரீனா! படிப்பெல்லாம் எப்படிப் போகுது? இந்த வயசுல நீங்க எடுக்கற முயற்சி எங்க எல்லாருக்கும் ஒரு..."

"ஏழாம் பக்கம், நாலாவது பத்தி, ஆஸ்கின்ஸ் சார். வாசிங்க."

"இது என்ன?"

"நீங்க அனுப்பினதுதான். வாசிங்க, நான் காத்திருக்கேன்."

வாசித்தார். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, அடியில் இருந்ததெல்லாம் கழன்றுகொண்டது. ஒரு பென்சிலை எடுத்தார், வைத்தார்.

"இதுல பாருங்க, 'பொருந்தாது'ன்னா அதை எப்படி எடுத்துக்கறதுங்கறது..."

"மையக் கருத்து என்ன சார்? நாலு விடை தரட்டுமா? ஒண்ணு, ட்ரீனா பரீட்சை எழுதணும். ரெண்டு, ட்ரீனா பரீட்சை எழுத வேண்டாம்..."

"தெரியாம நடந்துபோச்சு. சட்டப் பிரிவுல சுருக்கம் குடுத்தாங்க, நான் அதை மட்டும்தான்..."

"ஓகோ. அப்ப நீங்களும் பதினொரு பக்கத்தை வாசிக்கல."

"இல்ல," என்றார் ஆஸ்கின்ஸ், சின்னக் குரலில்.

"நானும்தான் வாசிக்கல," என்றாள் ட்ரீனா. "ஆனா என் சுவத்துல ஒண்ணும் தொங்கல பாருங்க."

திங்கட்கிழமை பதவி உயர்வுக் கடிதம் வந்தது. மன்னிப்புக் கேட்டு ஒரு வரிகூட அதில் இல்லை. 'நிர்வாக மறுபரிசீலனையின் பேரில்' என்று இருந்தது. இது யார் செய்த தப்பை யார் மறுபரிசீலித்தது என்று அவள் விரலை வைத்துத் தேடினாள். ஆளே இல்லாத வாக்கியம் அது.

"இனி அந்த அடித்தளத்துக்குப் போக வேண்டியதில்ல, ஜாலிதான்," என்றான் ராய்ஸ்.

"அடுத்த மாசம் தேதி குறிச்சாச்சு. எழுதப் போறேன்."

"எதுக்குடி? அதான் கிடைச்சிருச்சே."

"ரொட்டி சுடத் தெரியாதவங்க போட்ட கேள்வியில நான் ரெண்டு தடவை தோத்திருக்கேன் ராய்ஸ். அதை அப்படியே விட்டுட முடியாது."

தேர்வு மையம் பக்கத்து ஊரில். கைக்கடிகாரத்தையும் மருந்து டப்பாவையும் வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டு, அவளை ஒரு கணினி முன் உட்காரவைத்தார்கள். மூன்றாவது பத்தி வந்தபோது ட்ரீனா நிமிர்ந்து உட்கார்ந்தாள். சுரங்கம் மூடிய ஒரு மலையூர். பெயர் சொல்லாத எழுத்தாளர் ஒருவர் பெரிய நகரத்திலிருந்து காரில் வருகிறார். ஒரு வீட்டில் நுழைகிறார். வீட்டுக்காரி அவர் முன்னால் வேகவைத்த பயறும் சோள ரொட்டியும் வைத்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல், ஜன்னல் வழியே மூடிக்கிடக்கிற சுரங்கத்தைப் பார்க்கிறாள். 'அந்த மௌனத்தில் ஒரு தலைமுறையின் துயரம் உறைந்திருந்தது' என்று முடித்திருந்தார்.

கேள்வி: அந்தப் பெண்ணின் மௌனம் எதைக் காட்டுகிறது? அச்சம், மரியாதை, இழந்த வாழ்வின் துயரம், களைப்பு.

ட்ரீனாவுக்குச் சிரிப்பு வந்து, கண்காணிப்பாளர் திரும்பிப் பார்த்தார். சாப்பாட்டு நேரத்தில், கூப்பிடாமல், கையில் நோட்டுப் புத்தகத்தோடு ஒருவன் வந்து உட்கார்ந்தால் எவள் பேசுவாள்? பயறு வீட்டு ஆளுக்கு அளந்து வைத்தது. இவன் தின்பது யாருடைய பங்கு என்று அவள் யோசித்துக்கொண்டிருந்திருப்பாள். ஜன்னலைப் பார்த்தது, பள்ளி வண்டி வந்துவிட்டதா என்று. அந்த ஆள் இதில் எதையும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவன் கேட்காததற்குத் துயரம் என்று பெயர் வைத்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டான்.

'இழந்த வாழ்வின் துயரம்' என்பதில் சுட்டியை வைத்து அழுத்தினாள். மாவட்ட அலுவலகத்து அதிகாரி யாராவது இரண்டாந்தரம் சாப்பாடு கேட்டு வரும்போது தட்டில் கொட்டுகிற அதே முகத்தோடு அழுத்தினாள்.

கடைசியில் கட்டுரை. இரண்டு கடிதங்கள். பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவச உணவு வேண்டும் என்று ஒன்று, வேண்டாம் என்று ஒன்று. எது உங்களுக்குப் பிடித்தது என்பதல்ல கேள்வி. எதில் வாதத்துக்குச் சரியான ஆதாரம் இருக்கிறது என்று காட்ட வேண்டும்.

வேண்டும் என்று எழுதியவர் நல்ல மனிதர்தான். கடிதம் முழுக்கக் கண்ணீர். பசி, பிஞ்சு, கருணை என்று வரிக்கு ஒன்று. ஒரு பிள்ளையின் பெயர்கூட இல்லை, ஒரு எண்கூட இல்லை. வேண்டாம் என்றவர் அட்டவணை போட்டிருந்தார். நூற்றுக்கு நாற்பது தட்டு குப்பையில் போகிறதாம். முன்னைய ட்ரீனாவாக இருந்தால் மேசையைக் குத்தி, அது பொய் என்று எழுதியிருப்பாள். இப்போது திரையில் விரலை வைத்து மெதுவாகப் போனாள். அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்தது: ஒரு பள்ளி, ஒரு நாள்.

மறுபடி படித்தாள். ஒரு பள்ளி, ஒரு நாள். அவளுக்குக் கிட்டத்தட்டப் பிரியமே வந்துவிட்டது அந்தப் பொடி எழுத்தின் மேல்.

எழுதத் தொடங்கினாள். இரண்டு விரலால்தான் தட்டத் தெரியும். நாற்பத்தைந்து நிமிஷமும் தட்டினாள். முதல் கடிதம் நான் ஒத்துக்கொள்கிற கட்சி, ஆனால் அவர் எதையும் நிரூபிக்கவில்லை, அழுதிருக்கிறார் என்று எழுதினாள். இரண்டாமவர் எண்ணைக் காட்டி நம்மைப் பயமுறுத்துகிறார். அது ஒரே நாளில் எண்ணியது என்று அவரே சொல்கிறார். அன்றைக்கு என்ன சமைத்தார்கள் என்று சொல்லவில்லை. ஒரு நாளை வைத்து வருஷத்துக்கே தீர்ப்பு சொல்கிறவரிடம் ஆதாரம் இருப்பதுபோலத் தெரிகிறது, ஆனால் இல்லை. எல்லாமே பத்தியிலிருந்து. இருபத்துமூன்று வருஷச் சமையற்கூடத்தில் ஒரு சிட்டிகைகூட அவள் உள்ளே போடவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கெண்டல் தொலைபேசியில் கத்தினான். தேறுவதற்கு நூற்று நாற்பத்தைந்து வேண்டும். அவள் எடுத்தது நூற்று அறுபத்தெட்டு.

"கல்லூரியிலயே சேந்துக்கலாம்னு போட்டிருக்கு, மிஸஸ் ஹால்கம்!"

"அங்க என்ன தம்பி சொல்லித் தருவாங்க, இன்னும் பெரிய மலையா?"

ஆனாலும் தொலைபேசியை வைத்த பிறகு, அந்த எண்ணை ஒரு காகிதத்தில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து மாட்டினாள். ராய்ஸிடம் பயறு வைத்தவளின் கதையைச் சொன்னாள். அவன் சிரித்துச் சிரித்து இருமலில் மாட்டிக்கொண்டு, குழாயைச் சரிசெய்துகொண்டு, மெல்ல எழுந்து உள்ளே போனான். கையில் ஒரு பழுப்பு உறையோடு வந்தான். கரித்தூளால் கெட்ட நுரையீரலுக்கு உதவித்தொகை கேட்டு அவன் மூன்று தடவை எழுதியதும், மூன்று தடவையும் இல்லை என்று வந்த பதில்களும் அதில் இருந்தன.

"இவங்க என்ன சொல்றாங்கன்னு எனக்குக் கடைசிவரைக்கும் புரியவே இல்ல," என்றான். "முடியாதுங்கறதைத் தவிர."

"ஏன் எங்கிட்டக் காட்டல?"

"ரெண்டு பேரும் சேந்து புரியாம உக்காந்திருக்கவா?"

ட்ரீனா மேசையைத் துடைத்துவிட்டு, முதல் கடிதத்தை விரித்து, விரலை முதல் வரியில் வைத்தாள். இரண்டாம் பக்கம் திரும்பியபோது மூக்கால் ஒரு ஊது ஊதினாள். தப்பைப் பிடித்தால் வருகிற அந்தச் சத்தம் ராய்ஸுக்குத் தெரியும். நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.