கதைக்கு ஒரு பொய்

சுந்தரேசன் ஸ்ட்ரா போட்டுக் குடிக்கும் டீ பாக்கெட்டுகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தபோது பள்ளிப் பேருந்திலிருந்து பிள்ளைகள் இறங்கினார்கள். சீருடையில், சத்தமாக, யாரோ சொன்ன எதற்கோ சிரித்தபடி. சிங்கப்பூரின் பாசிர் ரிஸ் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்கள் திரும்பி முறைத்தார்கள். பெட்டியில் இருந்தது அந்தப் பிள்ளைகளின் தமிழ் டீச்சர் மோகனப்பிரியா, சுந்தரேசனின் மனைவி.

முறைத்தவர்களில் முதல் ஆள் அவளுடைய அண்ணன் செல்வராஜ். “என்ன மாப்ள இது, சாவு வீட்டுக்கு வர்ற லட்சணமா? சொல்லி வைங்க லா.”

“இருக்கட்டும் மச்சான்,” என்றார் சுந்தரேசன். அவருக்குத் தலைக்குமேல் வேறு கவலை. பெட்டி மண்டாய் சுடுகாட்டுக்குக் கிளம்புமுன் அவர் நாலு வார்த்தை பேசியாக வேண்டும். போன வாரம் கட்டிலில் படுத்தபடியே அவள் வாங்கிக்கொண்ட சத்தியம் அது. “அண்ணனை மட்டும் பேசவிட்டீங்கன்னா என்னைத் தெய்வமாக்கிடுவான். நீங்க பேசுங்க. நான் எப்படி இருந்தேனோ அப்படிச் சொல்லுங்க.” ஜூரோங் கப்பல் பட்டறையில் பாதி ஆயுளைக் கழித்த மனிதருக்கு மேடை என்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கல்யாணத்தன்று நன்றி சொல்லச் சொன்னதற்கே மைக்கைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தவர்.

பிள்ளைகள் வரிசையாக வந்து பூ வைத்தார்கள். அப்போது அழுதார்கள். அழுது முடித்து, முன்வரிசையில் உட்கார்ந்து பாக்கெட் டீயை உறிஞ்சத் தொடங்கியதும் மறுபடியும் பேச்சும் சிரிப்பும் வந்துவிட்டன.

சுந்தரேசன் தட்டோடு அவர்கள் பக்கம் போனார். “எதுக்குப் பிள்ளைங்களா சிரிச்சீங்க?”

ரித்திக் பதறி எழுந்தான். “சாரி அங்கிள். என் ஸ்டோரி பத்திப் பேசிக்கிட்டிருந்தோம். டீச்சர் சயின்ஸ் ஃபிக்‌ஷன் எழுதச் சொன்னாங்க. நான் எம்ஆர்டி ரயில் நிலாவுக்குப் போற மாதிரி எழுதினேன். அதுக்கு ஓகேன்னுட்டாங்க. ஹீரோ சாயங்காலக் கூட்டத்துல சிட்டி ஹால் ஸ்டேஷன்ல ஏறுறான், சீட் கிடைக்குதுன்னு எழுதினேன் பாருங்க, அதுக்குச் சண்டைக்கு வந்துட்டாங்க.”

“டீச்சரோட ரூல் அங்கிள்,” என்றாள் பக்கத்திலிருந்த இளமதி. “ஒரு கதைக்கு ஒரு பொய்தான். மத்ததெல்லாம் நிஜமா இருக்கணும். ரெண்டாவது பொய் வந்தா கிளாஸே கை தூக்கணும். பொய்யே இல்லைன்னாலும் விடமாட்டாங்க. அது ரிப்போர்ட், கதை இல்லைன்னுவாங்க.”

சுந்தரேசனுக்கு இது புதிதில்லை. இரவுச் சாப்பாட்டின்போது மோகனப்பிரியா பிள்ளைகளின் கதைகளைப் படித்துக் காட்டி, இது நடக்குமா அது நடக்குமா என்று அவரைக் குடைந்தெடுப்பாள். வீட்டுக்கு ரோபோ வந்ததை நம்பிவிடுவாள். அது சொல்லாமலே பாத்திரம் கழுவியது என்றால் மட்டும் நம்பமாட்டாள். அப்படிச் சொல்லும்போது அவரைத்தான் பார்ப்பாள்.

செல்வராஜ் மைக்கைப் பிடித்தார். “என் தங்கச்சி பொறுமையில பூமாதேவி. ஒருநாளும் யார்கிட்டயும் கோபப்பட்டதில்லை.”

ரித்திக்கின் கை உயர்ந்தது.

“சமையல்ல அவளை அடிச்சுக்க ஆளே இல்லை.”

முன்வரிசையில் எல்லாக் கைகளும் எழுந்தன. செல்வராஜ் திகைத்தார். “என்ன, எதுவும் கேக்கணுமா?”

“டீச்சர் கொண்டுவந்த கேசரியைச் சாப்பிட்டிருக்கோம் அங்கிள்,” என்றது ஒரு குரல்.

சுந்தரேசனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல், தட்டைக் கீழே வைத்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது. இளமதி எழுந்து டீச்சரின் விதியை எல்லோருக்கும் சொன்னாள். ஓர் அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

செல்வராஜ் தொண்டையைச் செருமினார். “சரி, நிஜத்தையே சொல்றேன். கோபக்காரிதான். என் சைக்கிளைத் தூக்கிக் கால்வாய்ல போட்டவ.” கீழ்த்தளமே சிரித்தது. அவரும் சிரித்தார். சிரிப்பிலேயே குரல் உடைந்து, மைக்கை மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

சுந்தரேசன் வாங்கிக்கொண்டார். நாக்கு ஒட்டிக்கொள்ளத்தான் பார்த்தது. ஆனால் கை தூக்கத் தயாராக உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்ததும் பயம் போய்விட்டது. நிஜத்தைச் சொன்னால் போதும், வேறொன்றும் வேண்டாம்.

“குளிக்கும்போது பாடுவா. சுருதி சேரவே சேராது. பக்கத்து வீட்டு ஃபாரூக் பாய் ரேடியோவைச் சத்தமா வச்சுடுவாரு.” பின்வரிசையில் ஃபாரூக் பலமாகத் தலையாட்டினார். “உங்க கதைங்களைத் திருத்திக்கிட்டே தோசையைக் கருக்குவா. கருகினது எனக்கு, நல்லது அவளுக்கு. கேட்டா, உங்களுக்குத்தானே மொறுமொறுன்னு பிடிக்கும்னுவா. முடியாமப் படுத்தப்பவும் உங்க கதைங்களைப் படிச்சுச் சிரிச்சுக்கிட்டிருந்தா. நான் அவகூட ரொம்பச் சந்தோஷமா இருந்தேன்.”

யாரும் மறுக்கவில்லை. மண்டாய்க்குப் போகும் வண்டி வந்து நின்றது. சுந்தரேசன் மைக்கை இறக்கினார்.

“அங்கிள்,” என்றாள் இளமதி மெல்ல. “ஒரு பொய் பாக்கி இருக்கு.”

அவர் அவளைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். மைக்கை மறுபடி வாயருகே கொண்டுபோனார்.

“இன்னிக்குச் சாயங்காலம் ஸ்கூல் முடிஞ்சு வந்துடுவா. நான் போய் டீ போட்டு வைக்கணும்.”

ஒரு கையும் எழவில்லை. ரித்திக் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.