எண்பது பேர் தாங்கும் தரை

மகளின் கல்யாண வரவேற்புக்கு இடம் பார்க்கப் போன மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையன்றுதான் டேப்புக்காரர் அந்தப் பொய்யைச் சொன்னார்.

டேப்புக்காரர் என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். முப்பது வருஷமாக வீடுகளுக்கும் கடைகளுக்கும் மரத்தரை போடுகிறவர். இடுப்பில் டேப் தொங்கும், ஆனால் அதை இழுத்துப் பார்ப்பது அபூர்வம். வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தால் போதும், அறை எத்தனை அடிக்கு எத்தனை அடி என்று சொல்லிவிடுவார். வீட்டில் பீரோ வாங்கினாலும் கட்டில் வாங்கினாலும் அவர் கண் சொல்வதுதான் தீர்ப்பு. அவர் மனைவி சம்பந்தி வீட்டில் முதல்முதலாகப் பேசப் போன இடத்திலேயே, "இவரு உள்ள போகும்னா போகும், போகாதுன்னா போகாது" என்று பெருமையடித்துவிட்டு வந்தவள்.

முதல் ஞாயிறு பார்த்த இடத்தில் ஆளுக்கொரு தூண் மறைத்தது. "பாதிப் பேர் பொண்ணைப் பாப்பாங்க, பாதிப் பேர் தூணைப் பாப்பாங்க" என்றார். இரண்டாவது இடம் ஒரு மொட்டை மாடி. மழை வந்தால் எங்கே போவது என்று கேட்டதற்கு அங்கிருந்தவன் வானத்தைப் பார்த்தான். மூன்றாவதாகப் பார்த்ததுதான் அந்த கேலரி.

ஒரு காலத்தில் நூல் மூட்டைகளை அடுக்கிவைத்த கிடங்கு. இப்போது மூன்றாம் மாடியை வெள்ளையடித்து ஓவியக் கண்காட்சி நடத்துகிறார்கள். ஆள் உயர ஜன்னல்கள் வரிசையாக, சாயங்கால வெயில் அப்படியே உள்ளே. மகள் வாசலைத் தாண்டியதும் நேராக ஜன்னலுக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளை அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "முடிவாயிடுச்சு போல" என்று சிரித்தான்.

டேப்புக்காரர் ஜன்னலைப் பார்க்கவில்லை. வழக்கம்போலத் தரையைப் பார்த்தார்.

அது அவர் அண்ணன் போட்ட தரை. கையெழுத்தா போட்டிருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அந்தத் தொழிலில் இருக்கிறவனுக்குக் கையெழுத்து வேண்டாம். மற்றவர்கள் ஒரு சுவரில் தொடங்கி மறு சுவர் வரை ஓட்டிக்கொண்டே போவார்கள். கடைசியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு சில்லு மிஞ்சும், அதை அறுத்துச் சொருகிவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அண்ணன் மட்டும்தான் முதல் பலகையைப் பிடிக்கும்போதே கணக்குப் பார்த்து, இரண்டு ஓரமும் ஒரே அகலமாக வரும்படி தொடங்குவார். இங்கே இரண்டு ஓரமும் ஒரே அகலம்.

அண்ணனும் தம்பியும் பேசி ஒன்பது வருஷம் ஆகிறது. ஒன்றாகத்தான் வேலை செய்தார்கள். ஒரு பெரிய வீட்டில், தம்பி போட்ட பக்கத்தில் அண்ணன் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். உள்ளே இருக்கும் குமிழி நடுவில் நிற்கவில்லை. வீட்டுக்காரர், பெயின்டர்கள், எலக்ட்ரீஷியன் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க நாலு வரிசையைப் பெயர்த்துப் போட்டுவிட்டு, "என் தம்பிக்குக் கண்ணு நல்ல கண்ணு, கைதான் கொஞ்சம் கோணல்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தம்பி கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவர்தான். தரை உண்மையிலேயே கோணல் என்பதைத்தான் அவரால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

பெரியவர்கள் முறைத்துக்கொண்டாலும் மகள் பெரியப்பா வீட்டுக்குப் போவதை நிறுத்தவில்லை. அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த ஐந்து மாதமும் அவளுக்குத் தலை வாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் பெரியம்மா. வரவேற்புக்கு நூற்று நாற்பது பேர் என்று பட்டியல் எழுதியபோது முதல் வரியிலேயே பெரியப்பா குடும்பம் பதினோரு பேரையும் எழுதிவிட்டாள். இந்த ஒரு நாளிலாவது அப்பாவும் பெரியப்பாவும் பேசிவிட மாட்டார்களா என்பது அவளுடைய ஆசை. அதை அவள் யாரிடமும் மறைக்கவும் இல்லை.

கேலரியைப் பார்த்துக்கொள்ளும் அம்மா, "இருநூறு பேர் வரைக்கும் தாராளமா நிக்கலாம் சார்" என்றாள்.

டேப்புக்காரர் குந்தி உட்கார்ந்து தரையை விரல் முட்டியால் தட்டினார். நாலடி தள்ளிப் போய் இன்னொரு தட்டு. காதைச் சாய்த்துக் கேட்டார். டாக்டர் நாடி பார்க்கிற மாதிரி எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தரை அவ்வளவு கெட்டியாகப் பதில் சொன்னது. அண்ணன் போட்ட தரை வேறு எப்படிச் சொல்லும்?

"எண்பது" என்றார், எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டே. "அதுக்கு மேல ஒரு ஆள் கூடாது."

"சார், போன மாசம்கூட..."

"பேப்பர்ல இருநூறுன்னுதான் எழுதியிருப்பாங்க. தரையைத் தட்டிப் பாத்தா எழுதினாங்க? நான் முப்பது வருஷமா தட்டுறேன்."

அந்த அம்மா தோளைக் குலுக்கினாள். கூட்டம் குறைந்தால் அவளுக்கென்ன, கூட்டிப் பெருக்குகிற வேலை மிச்சம்.

மகளின் முகம் வாடிப்போனது. "அப்ப வேற இடம் பாக்கலாமாப்பா?"

இங்கேதான் அவர் செய்தது மகா பாவம். அவள் தலையைத் தடவி, "உனக்குப் பிடிச்ச இடத்தை எதுக்கும்மா விடணும்? ஆளைக் கொறைச்சிக்கலாம்" என்றார். பெருந்தன்மையான அப்பா. அலுவலகத்துக்காரர்கள் சிலர் போனார்கள், அக்கம்பக்கம் போனது. அதற்குப் பிறகும் எண்பதுக்குள் வரவில்லை. "பெரியப்பா வீட்டுல பதினோரு பேர். அதுல ரெண்டு பேரை மட்டும் கூப்பிட்டா மரியாதையா இருக்குமா? மொத்தமா விட்டுட்டா அவங்களும் புரிஞ்சிப்பாங்க" என்றார். குரல்கூடப் பிசிறவில்லை. மகள் பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்து போனாள். அவருக்கு அன்று ஒன்பது வருஷத்துக் கணக்கு நேரான மாதிரி இருந்தது.

மறுவாரம் மகள் பெரியப்பா வீட்டுக்குப் போய் நேரிலேயே சொல்லிவிட்டு வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"என்ன சொன்னாரு?" என்று கேட்டார் டேப்புக்காரர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"எந்த இடம்னு கேட்டாங்க. சொன்னேன். கையிலிருந்த உளியைக் கீழ வச்சாங்க. அப்புறம், 'தரையைப் பத்தி உங்கப்பன் ஒண்ணு சொன்னா அதுக்கு மேல பேச்சே கிடையாதும்மா. அவன் கண்ணு அப்படி'ன்னாங்க. பெரியம்மாவுக்குத்தான் அழுகை."

டேப்புக்காரர் கையிலிருந்த பேப்பரில் ஒரு எழுத்தும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. தான் போட்ட தரை தாங்காது என்று தம்பி சொன்னதைக் கேட்டுவிட்டு, அவன் சொன்னால் சரி என்று அந்த மனுஷன் சொல்லியிருக்கிறார். ஒன்பது வருஷமாக எந்த வார்த்தைக்காக ஏங்கினாரோ அந்த வார்த்தை வந்துவிட்டது, வந்திருக்கக் கூடாத இடத்தில்.

இரண்டு நாள் தாக்குப்பிடித்தார். மூன்றாம் நாள் காலையில் அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றார். அண்ணன் ஒரு கதவை மேசைமேல் படுக்கப்போட்டு இழைத்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"வா" என்றார், நேற்றுத்தான் பார்த்த மாதிரி.

"அண்ணே, அது நீங்க போட்ட தரைன்னு பாத்ததுமே தெரிஞ்சிடுச்சு."

"தெரியாமயா இருக்கும் உனக்கு."

"இருநூறு பேர் தாங்கும்."

"முந்நூறு தாங்கும்டா. அடியில இரும்பு கொடுத்திருக்கேன்." சொல்லிவிட்டு அண்ணனே லேசாகச் சிரித்தார். பிறகு இழைப்புளியைக் கீழே வைத்தார். "அன்னிக்கி அத்தனை பேர் முன்னாடி நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும். வயசானப்புறம்தான் புத்தி வருது."

டேப்புக்காரர் வாசற்படி ஏறினார். "வாங்கண்ணே. அண்ணியை, புள்ளைங்களை, எல்லாரையும் கூட்டிட்டு வாங்க."

"எப்படி வர்றது? எண்பதுதான்னு சொல்லி எத்தனை பேரை நிறுத்தியாச்சு. நாங்க பதினோரு பேர் வந்து நின்னா பாப்பா என்ன நெனைப்பா? எங்கப்பா பொய் சொல்லிட்டாருன்னு நெனைக்க மாட்டாளா? கல்யாண நேரத்துல அவளுக்கு எதுக்கு அந்தக் கஷ்டம்?" அண்ணன் கதவிலிருந்த சீவலை ஊதித் தள்ளினார். "நீயே அவகிட்ட உள்ளதைச் சொல்லு. சொல்லிட்டு ஒரு போன் அடி, அடுத்த நிமிஷம் கிளம்பி வந்துடுவோம். சொல்ல முடியலேன்னா விட்டுடு. எனக்கு வருத்தமில்ல."

வருத்தமில்லை என்று சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க டேப்புக்காரருக்குத் தைரியம் வரவில்லை.

வரவேற்புக்கு நான்கு நாள் இருந்தது. மகளிடம் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி. முதல் நாள் அவள் தோழிகளோடு இருந்தாள். இரண்டாம் நாள் தனியாகத்தான் இருந்தாள், பக்கத்தில் போய் உட்கார்ந்தார், "என்னப்பா?" என்றாள், "ஒண்ணுமில்ல, சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தார். மூன்றாம் நாள் அவர் மனைவி சம்பந்தியம்மாளிடம் போனில், "நல்லவேளை இவரு தட்டிப் பாத்தாரு, இல்லேன்னா என்னாகியிருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. நான்காம் நாளைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. முப்பது வருஷமாகச் சம்பாதித்த ஒரே சொத்தை மகளின் கண் முன்னால் தொலைக்க அவருக்கு மனசு வரவில்லை. கோழைத்தனம் என்று அவருக்கே தெரியும்.

வரவேற்பன்று எண்பது பேரும் வந்தார்கள். அவ்வளவு பெரிய இடத்தில் எண்பது பேர் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தெரிந்தார்கள். கேலரி அம்மா ஒரு மூலையில் கைகட்டி நின்றிருந்தாள். எதிரில் வந்தபோது டேப்புக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

ஜன்னலில் வெயில் சாய்ந்தபோது யாரோ பாட்டின் சத்தத்தைக் கூட்டினார்கள். மாப்பிள்ளையின் நண்பர்கள் ஏழெட்டுப் பேர் நடுவில் கூடி ஆடத் தொடங்கினார்கள். ஒருவன் குதித்தான். மகள் பேசிக்கொண்டிருந்த இடத்திலிருந்து பதறிப்போய் வந்தாள். ஓடக்கூட இல்லை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பாதத்தைப் பார்த்துப் பார்த்து ஊன்றி வந்தாள்.

"ஐயோ, ஒரே இடத்துல நிக்காதீங்க. தரை தாங்காதுன்னு எங்கப்பா சொல்லியிருக்காங்க. அவங்க சொன்னா சரியா இருக்கும். ஓரமா நின்னு கைதட்டுங்க, ப்ளீஸ்."

பையன்கள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்கள். மாப்பிள்ளை பாட்டின் சத்தத்தைக் குறைத்தான். கல்யாணப் பெண் ஆடாத வரவேற்பாக அது முடியப்போகிறது என்பது டேப்புக்காரருக்குப் புரிந்தது. இப்போதுகூட ஒரு வார்த்தை சொன்னால் போதும். சட்டைப் பையில் போன் இருந்தது. அண்ணன் வீடு கால்மணி நேரத் தூரம். அவர் வாயைத் திறந்தார்.

"அப்பா, போட்டோவுக்குக் கூப்பிடுறாங்க" என்று மகள் வந்து அவர் கையைப் பிடித்தாள். "பெரியப்பா இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்ல? பரவாயில்ல, நம்ம பாதுகாப்புக்குத்தானே சொன்னீங்க. மெதுவா வாங்க. பாத்துக் காலை வைங்க."

அவர் திறந்த வாயை மூடிக்கொண்டு, அந்த உறுதியான தரையின் மேல், மகள் சொன்னபடியே மெதுவாக நடந்து போனார்.