கூட்டுக்கிணத்தில் மூணாவது பங்கு

எங்க கிணத்துல ரெண்டு மோட்டர் இருக்குது. ஒண்ணு எங்குளுது, இன்னொண்ணு பெரியப்பாவுது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறை. பாகம் பிரிச்சப்ப காட்டை ரெண்டா வெட்டுனாங்க, கிணத்தை வெட்ட முடியல. அதனால தண்ணிய நாளா வெட்டிக்கிட்டாங்க. கிணத்துக்கடவுப் பக்கம் பாதிக் காட்டுல இதே கதைதான், பங்காளிச் சண்டையும் சேர்த்து.

நான் ரித்திகா. அப்பா போனதுக்கப்பறம் கோயமுத்தூர் கம்பெனி வேலைய உட்டுப்போட்டு, தென்னந்தோப்பைப் பாக்கறேன்னு வந்து உக்காந்தவ. மாமனுங்க எல்லாம் அம்மாகிட்ட "புள்ளயால ஆகாது, சைட் போட்டு வித்துப்போடுங்க"ன்னாங்க. இந்த ஒரு கோடைய மரம் தாங்கலைன்னா நீங்க சொன்னபடியே ஆகட்டும்னு நானும் வீம்புக்குச் சொல்லிப்போட்டேன். அதனால தண்ணி எறங்க எறங்க நான் மரம் மரமாப் போயி மட்டையப் பாத்துக்கிட்டுத் திரிஞ்சேன்.

பங்குனி பொறந்ததுல இருந்துதான் கெரகம். எங்க முறையன்னிக்கு மோட்டரைப் போட்டா சித்த நேரம் நல்லா ஊத்தும். அப்பறம் தண்ணி மடமடன்னு எறங்கி, குழாய் காத்தை இழுக்கும். மறுநாள் பெரியப்பா முறை. அன்னிக்குப் பொழுதோட எட்டிப் பாத்தா கிணத்துல தண்ணி தளதளன்னு நிக்கும். அவரு மோட்டர் தண்ணிக்குள்ளயே கெடக்கற சாதி, ஓடுறதே மேல கேக்காது. எப்பப் போடறாரு, எப்ப நிறுத்தறாருன்னு ஒரு எழவும் தெரியாது.

எனக்கென்ன கணக்கு தெரியாதா? எங்க முறையில எங்கயோ வழி வச்சு உறிஞ்சறாரு. அதான் அவரு முறையில தண்ணி மிச்சமாகுது.

அம்மா தெய்வாத்தாளுக்கு மட்டும் நம்பிக்கை வரல. "கண்ணால பாத்தியா கண்ணு?"ன்னு ஒரே கேள்விய வச்சுக்கிட்டு என்னைக் கொன்னுது.

"கிணத்துல பங்கு இருக்கறது ரெண்டே பேருக்கு. நான் எடுக்கல. அப்பறம் எவன் எடுப்பான், ஆகாசத்துல இருந்து வந்தா எடுப்பான்?"

அவிநாசியில ஒரு கல்யாணம். பந்தியில பெரியப்பா எனக்குப் பக்கத்து எலையில வந்து உக்காந்தாரு. சுப்பண்ணன்னு பேரு, நெடுநெடுன்னு இருப்பாரு, பேச்சு கம்மி. ஒறம்பற அத்தனை பேரு முன்னாடியும் நான் எலைய அப்படியே உட்டுப்போட்டு எந்திரிச்சேன். "சாப்பிட்டுப் போ கண்ணு"ன்னாரு. நான் திரும்பிக்கூடப் பாக்கல. அன்னிக்கு எனக்கு அது ரொம்ப நல்லா இருந்துது.

அதுக்கப்பறம் எங்க முறையில ஒரு மத்தியானம், தண்ணி எறங்குன கையோட, கள்ளக் குழாயைக் கண்ணால பாத்தே தீரறதுன்னு படியில எறங்குனேன். அடியில பாறைச் செவுத்துல, போன வருசம் ரெண்டு குடும்பமும் சேர்ந்து போட்ட சைடு போர் இருக்குது. கிணத்துக்குள்ள நின்னு பாறையப் படுக்கை வாட்டத்துல குடைஞ்சு தண்ணி எடுக்கறது. அன்னிக்கு அந்த ஓட்டையில இருந்து பீச்சி அடிச்ச தண்ணியப் பாத்துப்போட்டு, தேங்கா ஒடைச்சு, பெரியப்பாவும் நானும் மாத்தி மாத்திச் சிரிச்சோம்.

இப்ப அந்த ஓட்டையில சொட்டு இல்ல. உள்ளுக்குள்ள நீலமா ஒரு வெளிச்சம் வந்துது. பாத்துக்கிட்டே இருக்கறப்ப எளநி சைசுல ஒரு கப்பல் பறந்து வந்து எம் மூஞ்சிக்கு நேரா நின்னுது. பாய் கட்டியிருந்துது. காத்தே இல்லாத கிணத்துக்குள்ள அந்தப் பாய் உப்பி நின்னுது. கீழ்ப்பக்கம் ஒரு நீலக்கல்லு முனகிக்கிட்டே சுத்துது.

எனக்குப் பயமே வரல, கோவந்தான் வந்துது. பெரியப்பா பையன் கிருபாசங்கர் கோயமுத்தூர்ல என்னமோ பறக்கற மிசின் கம்பெனியிலதான் இருக்கறான். வேவு பாக்கறதுக்கு உட்டிருக்கறாங்க. தலைத்துண்டை வீசிக் கப்பலை அப்படியே அமுக்கிப்போட்டேன்.

துண்டுக்குள்ள இருந்து பொம்பளைக் குரல் வந்துது. "ஏனுங்க, துண்டை எடுங்க. எடுக்காட்டி மூக்கைக் குத்திப்போடுவேனுங்க."

ஓரத்தை நீக்கிப் பாத்தேன். கட்டைவிரல் ஒசரத்துக்கு ஒருத்தி. வெள்ளை முடி, மீன் செதில்ல தெச்ச சட்டை, கையில ஊசியாட்டம் ஒரு கத்தி. கத்தி நேரா எம் மூக்கைப் பாத்து நின்னுது. அவ கண்ணுல இருந்த சந்தேகம் என்ற கண்ணுல இருந்ததுக்குக் கொஞ்சமும் கொறைச்சல் இல்ல.

"யாரு நீ? யாரு அனுப்புனது?"

"பேரு தூவி. படகூர்க் காவல்ல கப்பல் ஓட்டறவ. தண்ணித் திருடியப் புடிக்க வந்தேனுங்க."

"நல்லா வந்த போ. எங்க ஊருப் பேச்சை யாரு சொல்லிக் குடுத்தா?"

"நீங்கதானுங்க. ஓட்டை உழுந்ததுல இருந்து உங்க சத்தம் எங்க ஊரு முச்சூடும் கேக்குது. பேசறது ஊரே படிச்சுக்கிச்சு. வையறது மட்டும் நான் தனியா உங்ககிட்டப் படிச்சேனுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துது. வந்த சிரிப்பை முழுங்கிப்போட்டு மூஞ்சிய இறுக்கமா வச்சுக்கிட்டேன்.

அவ நீலக்கல்லைத் தொட்டா. அதுக்குள்ள ஒரு பெரிய ஏரி தெரிஞ்சுது. எங்க பாறைக்கு அந்தப் பக்கம் வேற ஒரு வானம், அதுல ரெண்டு நெலா. ஏரி மேல ஊரு, ஊரு பூராவும் படகு. படகு பாதி சேத்துல சாஞ்சு கெடந்துது. குஞ்சும் குளுவானுமா சேத்துல குழி தோண்டித் தண்ணி வருதான்னு பாத்துக்கிட்டு நின்னுதுக. நாங்க தேங்கா ஒடைச்சுக் குடைஞ்சது அவிய ஏரியோட அடியையாம்.

"இந்தக் காலத்துல வீடியோ எவன் வேணாப் பண்ணலாம். கிருபாசங்கர் ஒரு ராத்திரியில பண்ணிப்போடுவான்"ன்னேன். "தண்ணியத் திருடறது எங்க பெரியப்பா. போயி அவரைப் புடி."

"ரெண்டாவது மோட்டருக்காரருங்களா?" தூவி கத்தியக் கொஞ்சம் எறக்குனா. "அந்த மோட்டர் ஓடி ரொம்ப நாளாச்சுங்களே."

நான் துண்டோட ஓரத்தை இன்னும் கொஞ்சம் நீக்குனேன்.

"மோட்டர் ஓடுனா எங்க ஏரி அதிரும். பங்குனியில ஓட்டைக்கு ஒரு கதவு போட்டோமுங்க. சத்தம் கேட்டா ஊரே சேர்ந்து கவுறு புடிச்சுக் கதவைச் சாத்தும். சத்தம் நின்னா, பொழுது உழுந்தப்பறம் கைய உட்டுருவோம், தண்ணி தானா வந்து உங்க கிணத்துல மட்டம் புடிச்சு நின்னுக்கும். ஒரு நாள் அதிரும், ஒரு நாள் அதிராது. அதிராத நாள்தான் நாங்க சோறு திங்கறது. ரெண்டாவது மோட்டர் ஓடுனா அந்த நாளும் இல்லீங்க."

"பொய்யி."

"பொழுது உழுகறதுக்குள்ள நான் திரும்பாட்டி பாறைய உருக்கி ஓட்டைய அடைச்சுப்போடுவாங்க. அப்பறம் உங்குளுக்கும் சொட்டு இல்லீங்க. இதையும் பொய்யின்னே வச்சுக்குங்க."

இவள நம்பி உட்டு, எல்லாம் பெரியப்பா வேலையா இருந்தா நான் கேனச்சி. நம்பாம புடிச்சு வச்சு, நெசமா இருந்தா தோப்பே போச்சு. கப்பலோட அவளத் துண்டுல முடிஞ்சு இடுப்புல சொருகிக்கிட்டு மேல ஏறுனேன். வரப்பைத் தாண்டிப் பெரியப்பா தோப்புக்குள்ள கால் வச்சேன். சண்டை வந்ததுல இருந்து அந்தப் பக்கம் மூஞ்சியக் காட்டுனதில்ல.

உள்ள போனதும் நின்னுட்டேன். மட்டையெல்லாம் தொங்கிக் கெடந்துது. குரும்பை கொட்டி மரத்தடியெல்லாம் கருப்பாக் கெடந்துது. மரத்தைச் சுத்திக் கட்டுன பாத்தியில மண்ணு வெடிச்சு, வெடிப்புல என்ற கைய உடலாம் போல இருந்துது. சொட்டுநீர்க் குழாய் நெடுகலும் அணில் கடிச்ச ஓட்டை. தண்ணி ஓடற குழாயை அணில் இப்படிக் கடிக்காது. ஈரம் தேடித்தான் கடிக்கும்.

பெரியப்பா குடத்துல தண்ணி கொண்டாந்து ஒரு கன்னுக்கு ஊத்திக்கிட்டு இருந்தாரு. என்னையப் பாத்ததும் குடத்தைக் கீழ வச்சாரு.

"வா கண்ணு. வெய்யல்ல வந்திருக்கற, தண்ணி குடிக்கறயா?"

ஊட்டுக்கு வாரவங்க யாரா இருந்தாலும் எங்க பக்கம் மொதல்ல கேக்கறது இதுதான். ஆனா அவரு வாயில இருந்து அன்னிக்கு அதைக் கேக்கறப்ப எனக்கு அழுகை வந்துருச்சு. மறைக்கலாம்னு பாத்தேன், முடியல.

"ஏனுங் பெரியப்பா மோட்டர் போடல?"

"உம் மோட்டர் காத்தை இழுக்கறது கேட்டுது. என்ன கோளாறுன்னு வெளங்கல. நானும் எறைச்சா உனக்கு ஊறாது. இந்தக் கோடைய நீ தாண்டோணுமே, அம்மா சொல்லுச்சு. என்ற மரம் வயசான மரம், தாங்கும்."

எனக்குத் தெரியாம அம்மா அவருகிட்ட என்ற வீம்பைச் சொல்லியிருக்குது, அம்மாவுக்கும் தெரியாம அவரு மோட்டரை நிறுத்தியிருக்கறாரு. நான் ஒருத்திதான் ஊரு பூராவும் தமுக்கடிச்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்கறேன்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே."

"சொன்னா நம்பியிருப்பியா கண்ணு?"

நம்பியிருக்க மாட்டேன். அவருக்கும் அது தெரியும், அதனால பதில் எதிர்பாக்காம குடத்தைத் தூக்குனாரு.

இடுப்புத் துண்டுக்குள்ள இருந்து குரல் வந்துது. "பொழுது சாயுதுங்க."

துண்டை அவுத்தேன். பெரியப்பா குனிஞ்சு தூவிய நெறைய நேரம் பாத்தாரு. நான் எல்லாத்தையும் சொன்னேன். கேட்டுக்கிட்டே இருந்தவரு, தண்ணி பாட்டல் மூடியக் கழட்டி, அதுல ரெண்டு சொட்டு ஊத்தி அவ முன்னாடி வச்சாரு. "குடிங்க அம்மணி. உங்க ஏரித் தண்ணிதான்."

தூவி மூடியச் சுத்தி ஒரு தடவை நடந்து பாத்தா. மோந்து பாத்தா. அப்பறம் கத்தியக் கீழ வச்சுப்போட்டு ரெண்டு கையிலயும் மொண்டு குடிச்சா. குடிக்கறப்ப அவ தோளு நடுங்குனதைப் பாத்தேன். வீடியோ பண்ணுனவனால அதைப் பண்ண முடியாது.

கிணத்துப் படியில வச்சுப் பேசி முடிச்சோம். ஒரு நாள் எங்க முறை, ஒரு நாள் பெரியப்பா முறை, மூணாவது நாள் அவிய முறை. எங்க ரெண்டு நாளும் கதவு தொறந்திருக்கோணும், ஒரு பொழுது ஓட்டிப்போட்டு நிறுத்திக்குவோம். அவிய நாள்ல ரெண்டு மோட்டரும் வாயத் தொறக்கப்படாது.

"எதை நம்பறதுங்க?"ன்னா தூவி. என்ற கேள்விய எங்கிட்டயே கேக்கறா.

நான் மோட்டர் ரூமுக்குப் போயி எங்க பீஸ் கட்டையில ஒண்ணை உருவிக்கிட்டு வந்தேன். அது இல்லாம மோட்டர் திரும்பாது. கோடை நடுவுல எந்தக் குடியானவனும் அதை அடுத்தவன் கையில குடுக்க மாட்டான். கவுறு போட்டு அவ கப்பலுக்கு அடியில கட்டிக் குடுத்தேன். "இதை நீ வச்சுக்க. எங்க முறையன்னிக்குக் கொண்டாந்து குடு. குடுக்காட்டி என்ற தோப்பு போயிரும், அதையும் தெரிஞ்சுக்கிட்டுப் போ."

அவ கட்டையத் தட்டிப் பாத்தா. "வாரேனுங்க"ன்னா. கப்பல் கனத்துல தள்ளாடிக்கிட்டே ஓட்டைக்குள்ள போச்சு, வெளிச்சம் அணைஞ்சுது.

மறுநாள் பெரியப்பா முறை. அவரு சுவிச்சைப் போட்டாரு. நான் கிணத்து ஓரத்துல நின்னு சைடு போரையே பாத்துக்கிட்டு இருந்தேன். தண்ணி எறங்கி ஓட்டை வெளிய தெரிஞ்சும் மொதல்ல ஒண்ணுமில்ல. அந்தக் கட்டைவிரல்காரி ஏமாத்திப்போட்டாளேன்னு எனக்கு ஒடம்பு சூடாச்சு. அப்பத்தான் ஓட்டையில தண்ணி பீச்சி அடிச்சுது, போன வருசம் அடிச்ச மாதிரியே.

பெரியப்பா தோப்புக்கு ஓடுனேன். குழாய்ல தண்ணி வந்துருச்சு. வந்த தண்ணி மரத்துக்குப் போகாம, அணில் கடிச்ச ஓட்டை ஒவ்வொண்ணுலயும் மேல பீச்சுது. பழைய டியூப்பைக் கிழிச்சு ஓட்டை ஓட்டையாக் கட்டிக்கிட்டே வந்தோம். ஒண்ணைக் கட்டுனா ரெண்டு பீச்சுது. என்ற பழைய வாயி சும்மா இருக்குமா, "திருட்டு நாயிக, கடிச்சு வச்சிருக்கறதைப் பாருங்க பெரியப்பா"ன்னு அணிலை வைய ஆரம்பிச்சேன்.

அவரு குழாயில இருந்து கைய எடுக்காம சொன்னாரு. "தண்ணி தவிச்சுக் கடிச்சிருக்கும் கண்ணு. உடு."

நான் வாய மூடிக்கிட்டு அடுத்த ஓட்டையக் கட்டுனேன்.