திருஷ்டிப் பொட்டு வைத்த வால்வு

மைக் செட்டு எத்திராஜ் பாட்டுப் போடாத கல்யாணம் அம்பத்தூரில் கிடையாது. அவனுடைய சொந்தக் கல்யாணத்தன்று காலையில்தான் செட்டு படுத்துக்கொண்டது. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.

செட்டு மட்டும் படுத்திருந்தால் பரவாயில்லை, கல்யாணமே அதன் தலையில்தான் நின்றது. பெண்ணின் அப்பா ஜம்புலிங்கம் எத்திராஜுக்குத் தாய்மாமன். ஆனால் முறைக்காகப் பெண் கொடுக்கிற மனிதரில்லை. பக்கத்து ஊரான பாடியில் பங்காளி வரதன் வீட்டுக் கல்யாணத்தில் ஸ்பீக்கர் பாடிய நாளிலிருந்து அவருக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. "தாலி கட்டுறப்போ பாடி வரைக்கும் கேக்கணும். கேக்கலன்னா பொண்ணு கெடையாது" என்று தாம்பூலம் மாற்றும்போதே சொல்லிவிட்டார். சொன்னால் செய்வார். மூத்த மகளுக்கு வந்த ஒரு சம்பந்தத்தை, சாம்பாரில் உப்பில்லை என்று பந்தியிலேயே முறித்த புண்ணியவான்.

இப்போது தென்னைமரத்து ஸ்பீக்கர் பாடாமல் உர்ரென்று உறுமியது. வேறெந்தச் சத்தமும் அதில் எடுபடவில்லை.

கூறைப் புடவை கட்டப் பெண்ணை உள்ளே அனுப்பினார்கள். அந்த இடைவெளியில் மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக மணவறைக்குப் பின்னால் ஓடி, மைக்கைப் பக்கத்திலேயே ஒதுக்கி வைத்துவிட்டு, செட்டின் முன் குந்தினான். லாரி பாட்டரி நன்றாக இருந்தது, ஒயரும் சரி. மிச்சம், கண்ணாடி பல்பு போன்ற பவர் வால்வு இரண்டும்தான். உலகச் சண்டை முடிந்ததும் பட்டாளத்து ஏலத்தில் எடுத்த சரக்கு. உள்ளே தகடு சிவந்தால் கோளாறு என்று அவனுக்குத் தெரியும். பட்டப்பகலில் எது சிவக்கிறதென்று எந்தச் சாமி சொல்லும்?

"இன்னா மாமா, கண்ணு தெர்லியா?"

தாட்சாயிணி. கட்டப் போன புடவை இன்னும் கையிலேயே இருந்தது. அதை உதறி, செட்டுக்கும் அவன் தலைக்கும் சேர்த்துப் போர்த்தி, தானும் உள்ளே நுழைந்தாள். இருட்டில் இடப்பக்கத்து வால்வு அடுப்புத் தணலாய்ச் சிவந்திருந்தது.

"அத்தக் கழட்டிக் கடாசு."

"இரு. சாக்கெட்டு கெட்டாலும் செவக்கும். ரெண்டையும் எடம் மாத்தணும். செவப்பு வால்வு கூடவே போச்சுன்னா வால்வு காலி. அதே எடத்துல நின்னா சாக்கெட்டு காலி. சாக்கெட்டுன்னா நானும் காலி."

அணைத்துவிட்டு, வேட்டி நுனியால் இரண்டையும் பிடுங்கினான். சூடு பொறுக்காமல் உதற, இரண்டும் துணிக்குள் உருண்டன. எது இடம், எது வலம்? இரட்டைப் பிள்ளைகளாவது அழுது காட்டும்.

"நல்ல ஆளத்தான் கட்டிக்கப் போறேன்" என்றாள்.

மறுபடி மாட்டினார்கள். வால்வு சூடேற அரை நிமிஷம். இடதுதான் சிவந்தது. அணைத்ததும் அவள் தன் கன்னத்துத் திருஷ்டிப் பொட்டை விரலில் வழித்து அந்த வால்வின் மேல் இட்டாள். சுட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டாள். இடம் மாற்றிப் போட்டதும் சிவப்பு பொட்டோடு வலப்பக்கம் போயிற்று.

"வால்வுதான்!" என்றான் எத்திராஜ். ஒரு பொருள் பாழானதற்கு அவன் இவ்வளவு சந்தோஷப்பட்டதேயில்லை.

மாற்று வால்வு இல்லை. கெட்டதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மிஞ்சியதை வைத்தே சுவிட்சைப் போட்டான். உறுமல் நின்றது. வேறெதுவும் வரவில்லை. அரை நிமிஷக் கணக்கை அவனே பயத்தில் மறந்துபோனான்.

"போச்சு தாட்சா. உங்க நைனா என்னத் தொரத்திடுவாரு."

"அவரு கெடக்குறாரு கெழம்!" என்று அவள் ஆரம்பித்தபோது வால்வு சூடேறியிருந்தது. மிச்சத்தைத் தென்னைமரம் சொன்னது. "செட்டு பாடினாலும் பாடாட்டியும் நான் உன்னத்தான் கட்டிக்குவேன். தாலிய எடுத்துகினு வா மாமா, இங்கியே கட்டு!"

புடவையை விலக்கினார்கள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. தென்னைமரத்தடியில் ஜம்புலிங்கம் அண்ணாந்து நின்றார்.

"டேய், இது பாடி வரைக்கும் கேட்டுருக்குமா?"

ஒற்றை வால்வில் சத்தம் தெருமுனை தாண்டாது என்று அவனுக்குத் தெரியும்.

"நல்லா கேட்டுருக்கும் மாமா."

"வரதனுக்கும்?"

"அவருக்குந்தான்."

ஜம்புலிங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்பறம் இன்னாத்துக்குடா நிக்கற? மானம் போனப்புறம் இவள வேற எவன்கிட்டக் குடுக்கறது? கட்டுடா தாலிய!"