தளம் இறுகும்வரை

முதல் ஓட்டை உருவியதும் அடுப்பங்கரைக்குள் வெயில் விழுந்தது, பூங்கொடி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒருபொழுதும் வெயில் பார்த்திராத அந்த மூலையில், அரிசி டப்பாவின் மூடியில், அம்மியின் முதுகில், அண்ணாந்து நின்ற அவள் முகத்தில், ஓடுகள் கைமாறிக் கைமாறிக் கீழே இறங்க இறங்க கரியும் ஒட்டடையும் எலிப்புழுக்கையுமாக எந்தக் காலத்துக் குப்பையோ அவள் தலைமேல் கொட்டியது, அம்மிணி தள்ளி நில்லுங்க, மேல ஏதாச்சும் விழுந்து வெச்சிரப் போகுது என்று மேஸ்திரி ராசு உத்தரத்தில் உட்கார்ந்தபடி கத்தினான், அவள் தள்ளி நிற்கவில்லை, ஒரு கை மட்டும் தானாக அடிவயிற்றுக்குப் போயிற்று, யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து கொசுவத்தைச் செருகுவதுபோல் பாசாங்கு செய்துவிட்டுத் திரும்பி வந்தது. இப்போது முன்னறையில் பாயைப் போட்டுப் படுத்திருக்கிறாள், பகல் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது, கண்ணை மூடினால் அந்த வெயில்தான் வருகிறது, ஓடுகள் இறங்குகின்றன, இறங்கிக்கொண்டே இருக்கின்றன, போதும் நிறுத்துங்கள் என்று சொல்ல வாயைத் திறக்கிறாள், வாய் நிறையக் கரி.

நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டிய ஆம்பிளை ஊரில் இல்லை. அவள் புருஷன் அர்த்தநாரி ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசம் போயிருந்தான், திருச்செங்கோட்டுப் பக்கம் கோடை வந்தால் பாதி வீடுகளில் இந்தக் கதைதான், இந்தியாவில் எந்த மூலையில் எவனுக்குத் தாகம் எடுத்தாலும் இவர்கள் போய்ப் பூமியைத் துளைத்துத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பார்கள், இவர்கள் வீட்டுக் குழாயில் வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் வந்தால் அது திருவிழா. தைப்பூசம் முடிந்து கிளம்பும்போது, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இனி எதுக்கும் காத்திருக்கறதில்ல பூங்கொடி, நான் ஆடிக்கு வர்றப்ப பின்கட்டு கான்கிரீட் நின்னிருக்கோணும் என்றான். எதுக்கும் என்று அவன் சொன்னது எதை என்று அவளுக்குத் தெரியும், வாசலில் நின்ற அவன் அம்மா பாவாயிக்கும் தெரியும், தெரிந்ததால்தான் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் இதே பின்கட்டுக்கு அஸ்திவாரம் போட்டுச் சுவர் இடுப்புயரம் எழும்பியபோது அவளுக்கு நாள் தள்ளிப்போயிற்று, அத்தையிடம் சொன்னாள், மாசமாக இருக்கிறவள் வீட்டில் கடப்பாரை எடுக்கக்கூடாது, ஆணி அடிக்கக்கூடாது, இருக்கிறதை இடிக்கக்கூடாது, அத்தை அந்த நிமிஷமே சர்க்கரை டப்பாவோடு ஓடிப்போய் ராசுவின் வாயில் ஒரு பிடியைத் திணித்து, எம்மருமக முழுகாம இருக்கறாப்பா, கரண்டியக் கழுவிட்டுக் கெளம்பு, பொறக்கட்டும், அப்பறம் பாத்துக்கலாம் என்று அனுப்பிவைத்தாள், அன்றைக்கு அத்தையின் முகம் அப்படி இருந்தது, கல்யாணப் பெண்ணின் முகம்போல. மூன்றாம் மாதத்திலேயே அது போய்விட்டது. அத்தை அழுதாள், நிஜமாகவே அழுதாள், அழுதுகொண்டே பக்கத்து வீட்டுக்காரியிடம், மின்னாலயே தெரியாமப் போச்சே, அதுக்குள்ள நாம கடப்பாரையப் போட்டுட்டமே என்றாள், வேலையை நிறுத்தியும் தங்காத பிள்ளைக்கு வேலையைத் தொடங்கியதுதான் காரணம் என்றாயிற்று. அப்புறம் யாருக்கும் தொடங்கத் துணிவில்லை, தொடங்கி இருக்கும்போது தங்கிவிட்டால், தங்கினதும் போய்விட்டால், இந்த மாசம் பார்ப்போம், அடுத்த மாசம் பார்ப்போம், மாதாமாதம் அத்தையின் கண் துணிக்கொடியை ஒரு சுற்றுச் சுற்றி வரும், கொடியில் அந்தத் துணி காய்ந்தால் அன்றைக்குக் குழம்பில் உப்புத் தூக்கலாக இருக்கும், அரைச்சுவருக்குள் எருக்கஞ்செடி ஆள் உயரம் வளர்ந்து பூத்தது, ஐப்பசியில் பழைய ஓடு ஒழுகி அடுப்பு நனைந்தது, விருந்தாளிகள் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் காப்பி குடித்தார்கள். ஒரு வீடே அவள் வயிற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, அந்த வெட்கத்தை அவள் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவாள்.

அதனால்தான் இந்த முறை, அர்த்தநாரி போன பிறகு, ராசு வந்து நூல் பிடித்து அளந்துவிட்டுப் போன வாரத்தில், நாள் தள்ளிப்போய்விட்டது என்று தெரிந்தபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். போன தடவை சொன்னோம், வேலையை நிறுத்தினார்கள், அப்படியும் அது தங்காமல் போயிற்று, இந்தத் தடவை சொல்லாமல் இருந்து பார்ப்போம், அவ்வளவுதான் அவள் போட்ட கணக்கு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக்கூடத் தோன்றக்கூடிய கணக்கு. ஓடு இறக்கினதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள், ஓடு இறங்கியதும் வீடு வானத்தைப் பார்த்துக் கிடந்தது, அப்போது சொன்னால் அப்படியே கிடக்கும், சரி சுவர் எழும்பட்டும், சுவர் எழும்பியது, சவுக்கு முட்டுக் கொடுத்துப் பலகை அடித்துக் கம்பி கட்டினார்கள், சரி தளம் போட்டு முடியட்டும், ஒவ்வொரு சுத்தியல் அடிக்கும் அவளுக்கு உள்ளே ஏதோ திடுக்கிட்டது, இதெல்லாம் மூட நம்பிக்கை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், சொல்லிக்கொண்டே அடி விழும் பக்கத்துக்கு முதுகைத் திருப்பி நின்றாள். தளம் போட்ட அன்று கலவை இயந்திரம் காலையிலிருந்து உருண்டது, ஆட்கள் வரிசையாக நின்று சட்டியை மேலே வீசினார்கள், அத்தை எல்லோருக்கும் பொங்கலும் கொத்சுவும் பரிமாறினாள், பொழுது சாய்வதற்குள் கான்கிரீட் கண்ணாடி மாதிரி வழுவழுவென்று படுத்திருந்தது, ஏணியில் நின்று எட்டிப் பார்த்த பூங்கொடிக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷம்தான், இன்று சொல்லிவிடலாம் என்று கீழே இறங்கினாள், முட்டுப் பிரிக்கறவரைக்கும் தளம் பச்சப்புள்ள மாதிரி அம்மிணி, தண்ணி நிக்காம காயவுட்டா வெடிச்சிரும், அப்பறம் என்னயச் சொல்லப்படாது என்று ராசு கையைக் கழுவிக்கொண்டே சொன்னான். சரி, முட்டுப் பிரிக்கட்டும்.

தண்ணீர் நிறுத்தத் தளத்தின்மேல் ராசு சிமெண்டுக் கரை கட்டிப் பாத்தி பாத்தியாகப் பிரித்திருந்தான், சித்திரை வெயில் அந்தத் தண்ணீரை நாய் நக்குவதுபோல் நக்கித் தீர்த்தது, காலையில் நிரப்பினால் மதியத்துக்கு ஈரம்கூட இல்லை, மோட்டார் இழுக்கவில்லை, படிக்கட்டு இன்னும் கட்டவில்லை, தெருமுனைத் தொட்டியில் பிடித்துவந்து மூங்கில் ஏணியில் ஏறி ஊற்ற வேண்டும், அத்தைக்கு முழங்கால் மடங்காது. பூங்கொடிதான் ஏறினாள், இடுப்பில் குடம், ஒரு கையில் ஏணி, ஏறும்போது வயிற்றிடம் பேசினாள், கெட்டியாப் புடிச்சுக்கோ கண்ணு, இன்னும் கொஞ்ச நாள், உனக்குத்தான் இந்த ரூமு என்றெல்லாம் சொன்னாள், அது கேட்டது என்றுதான் நம்பினாள். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அத்தை மட்டும் சும்மா இருக்கமாட்டாள், பாதிக் கொடம் போதும், எதுக்கு நெறைய நெறையத் தூக்கற என்று தினமும் ஒரு தொணதொணப்பு, தண்ணீரில்கூடக் கஞ்சத்தனம் என்று பூங்கொடி மனசுக்குள் திட்டிக்கொண்டு வேண்டுமென்றே குடத்தைத் தளும்பத் தளும்பத் தூக்கினாள்.

அப்புறம் அந்தக் காலை, பாத்தியில் ஊற்றிய தண்ணீர் பரவுவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது இடுப்பில் யாரோ கயிற்றை முறுக்குவதுபோல் ஒரு வலி, குனிந்து பார்த்தால் பாதத்தில் சிவப்பு, நிறுத்தி வைத்த தண்ணீரில் ஒரு நூல் மாதிரி அது கலந்துபோனது, அவள் கத்தவில்லை, அந்தப் பாத்தியில் கையை விட்டு அலம்பினாள், ஏணியில் மெதுவாக இறங்கினாள், அத்தை, பாத்ரூமுக்கு டைல்ஸ் பாத்துட்டு வந்தர்றனுங்க என்றாள், அத்தை அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, போயிட்டு வா என்று மட்டும் சொன்னாள். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போனாள், உட்கார்ந்தால் சீட்டில் பட்டுவிடுமே. டாக்டரம்மா பார்த்துவிட்டு, முழுசா வந்துருச்சும்மா, சுத்தம் பண்ண வேண்டியதில்ல, இது கொடம் தூக்குனதால எல்லாம் வர்றதில்ல, சிலது ஆரம்பத்துலயே சரியா உண்டாகறதில்ல என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார், அவள் குடத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை, பின்னே எப்படி அவருக்குத் தெரிந்தது, வருகிறவர்கள் எல்லோரும் குடத்தைப் பற்றித்தான் கேட்பார்கள்போல. திரும்பும் வழியில் நிஜமாகவே டைல்ஸ் கடைக்குப் போனாள், சொன்ன பொய்க்குக் கையில் ஏதாவது வேண்டுமே, கடைக்காரப் பையன் கடல் நீலம், இளம்பச்சை, சந்தனம் என்று எடுத்து எடுத்துக் காட்டினான், அவள் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தாள், வழுக்குமா என்றுகூடக் கேட்டாள். அந்த நேரத்தில் அப்படிக் கேட்ட தன்னை அவளால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

அது முந்தாநாள். இன்றைக்கும் பின்கட்டில் சவுக்கு முட்டுகள் காடாக நிற்கின்றன, பலகை இடுக்கில் தண்ணீர் சொட்டுகிறது, நேற்றும் இன்றும் யார் ஊற்றினார்கள் என்று இப்போதுதான் தோன்றுகிறது, ஏணியில் முழங்கால் மடங்காத ஒருத்தி ஒரு சொம்பு ஒரு சொம்பாக ஏற்றினால்தான் உண்டு. அத்தை வருகிறாள், கையில் கிண்ணம், நல்லெண்ணெய் மணக்கிறது, கருப்பட்டி போட்டுக் கிண்டிய உளுந்தங்களி, நடுவில் குழி பறித்து எண்ணெய் நிறுத்தி, பாயோரம் சுவரைப் பிடித்துப் பிடித்து உட்கார்ந்து கிண்ணத்தை நகர்த்துகிறாள். எதுக்குங்கத்தை இப்பக் களி என்று பூங்கொடி கேட்டாள். வயித்துல இருந்தது போயிட்டா இடுப்புக்கு இதான் சாமி குடுக்கோணும், வேற என்ன குடுப்பாங்க என்றாள் அத்தை, தரையைப் பார்த்துக்கொண்டு.

எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு என்று பூங்கொடி வாய்க்குள்ளேயே கேட்டாள், அத்தைக்குக் கேட்டுவிட்டது. ஓடு எறக்கறதுக்கு மின்னாலயே, கொடியில துணி காயலயே கண்ணு, நாலு வருசமாப் பாத்துட்டிருக்கறவளுக்குத் தெரியாதா. அப்ப ஏனுங்கத்தை நிறுத்தச் சொல்லல என்றாள் பூங்கொடி. நீ சொல்லுவீன்னு இருந்தேன், நீ சொன்னா நிறுத்தித்தானே ஆகோணும், நீ சொல்லல, நானும் கண்டுக்காத இருந்துட்டேன், எனக்கும் இந்த ஒழுகற வூட்டுலயே கெடந்து சாகறதுக்கு மனசில்ல பூங்கொடி, ஒரே ஒரு மழைக்காவது நனையாமப் படுக்கோணும்னு ஆசைப்பட்டுட்டேன் என்று சொல்லிவிட்டு அத்தை வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள். பாதிக் குடம் போதும் என்ற குரல் இப்போதுதான் பூங்கொடியின் காதில் சரியாக விழுந்தது, ஆத்திரம் வந்தது, ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குடத்தைக் கீழே வைத்திருப்பேனே என்று அலற வேண்டும்போல் இருந்தது, அந்த ஒரு வார்த்தை தன் வாயிலும்தான் இருந்தது என்பதும் கூடவே வந்தது.

அப்போதுதான் போன் அடித்தது, அர்த்தநாரி, பின்னால் ரிக் இரைகிறது, அவன் எப்போதும்போல் கத்திப் பேசுகிறான், அறை முழுக்கக் கேட்கிறது, தளம் எப்படி, வெடிப்பு கிடிப்பு இல்லயே, தண்ணி நிக்குதா. நிக்குதுங்க என்றாள். அவன் அடுத்ததைக் கேட்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள், முழுகாம இருந்தேனுங்க, சொல்லல, முந்தாநேத்து போயிருச்சு. இரைச்சல் தூரப் போயிற்று, அவன் வண்டியைவிட்டு விலகி நடந்துபோகிறான் போலிருந்தது, அப்புறம், அம்மாளுக்குத் தெரியுமா என்று கேட்டான். பூங்கொடி நிமிர்ந்து அத்தையைப் பார்த்தாள், முந்தானையைக் கடித்துக்கொண்டு, தீர்ப்புக்குக் காத்திருப்பவளாக அத்தை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெரியாதுங்க என்றாள் பூங்கொடி.

சொல்லிறாத புள்ள, போன தடவையே அது சோறு தண்ணி இல்லாமக் கெடந்துச்சு, வயசாயிருச்சு, தாங்காது என்றான் அவன், குரல் உடைந்தது, சரிங்க என்று சொல்லி அவள் போனை வைத்தாள். அத்தை எழவும் இல்லை, அழவும் இல்லை. கிண்ணத்தை இன்னும் ஒரு சாண் இந்தப் பக்கம் நகர்த்தி, ஆறிப்போச்சுன்னா எண்ணெ பிரிஞ்சிரும் கண்ணு, தின்னு என்றாள்.