வாசலில் விட்ட செருப்பு

நீலத் தார்ப்பாயின் ஓரத்தில் ஒரு ஜோடிப் பழுப்புச் செருப்பு, ஒன்றோடொன்று ஒட்டி, விருந்துக்கு வந்தவர்கள் கழற்றி விட்டதைப் போல, விருந்தாளிதான் வந்திருக்கிறாள், வீடு எங்கே என்று கேட்டால்தான் என்ன சொல்வேன், சென்னை வால்டாக்ஸ் ரோட்டுச் சுவரில் அறைந்த இரண்டு ஆணி, அதில் கட்டிய தார்ப்பாய், கீழே கோணி, அடுப்புக்கு மூன்று கல், நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் அதற்குள்தான், லாரிகள் உரசிக்கொண்டு போகின்றன, அம்மா தேசம்மா விடிந்ததும் பிளாட்பாரத்தில் தண்ணீர் தெளித்துக் கோலம் போடுகிறாள், ஊரே மிதித்துக்கொண்டு போகிறது, மறுநாளும் போடுவாள், பிடிவாதக்காரி.

உதவ வருகிறவர்களுக்குக் குறைவே இல்லை, பொட்டலம் கொடுப்பார்கள், போர்வை கொடுத்துப் போட்டோ எடுப்பார்கள், நல்ல மனசுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன், ஆனால் ஷூக் காலோடு எங்கள் அடுப்பருகில் ஏறி நிற்பார்கள், அம்மா வாங்கிக்கொண்டு வாயைத் திறக்க மாட்டாள், காப்பகத்துக்கு வாங்க, கட்டில் இருக்கு, ஃபேன் இருக்கு என்றால் மட்டும், எங்க மூணு பேரையும் ஒண்ணா வச்சுப்பீங்களா என்பாள், அங்கே ஆணுக்குத் தனி இடம், பெண்ணுக்குத் தனி இடம், அப்பா ஏழுமலைக்கோ இரண்டு கண்ணும் தெரியாது, தூக்கக் கலக்கத்தில் ரோட்டில் இறங்கிவிடக் கூடாதென்று தன் முந்தானையை அவர் மணிக்கட்டில் முடிந்துகொண்டு படுப்பவள், யாரை நம்பி அவரை விடுவாள். மழை வரப்போகிறது, அம்மாவின் இருமல் நெஞ்சைப் பிளக்கிறது, இந்த மழையை இவள் தாண்ட மாட்டாள் என்று எனக்குப் பயமாக இருக்கிறது, இன்றைக்கும் வானம் இருட்டினால் அதே பயம்.

வீடில்லாதவர்களுக்காக வேலை செய்யும் சங்கத்திலிருந்து வந்த ஜெசிந்தா அக்கா தார்ப்பாய் ஓரத்திலேயே நின்றாள், செருப்பைக் கழற்றினாள், உள்ள வரலாமாக்கா என்று கேட்டாள், எங்களிடம் யாரும் அதைக் கேட்டதில்லை, அம்மா திகைத்துப்போய், வாம்மா, உள்ள வந்து குந்து என்றாள், டீ போட்டாள், குடும்பமா தங்க எடமே இல்லியாம்மா என்று கேட்டாள், தேடணும்க்கா, கிடைக்கும்னு இப்பவே சொல்லிட மாட்டேன் என்று அக்கா உள்ளதைச் சொன்னாள், எழுந்து பார்த்தால் செருப்பைக் காணோம்.

அம்மா முகத்தில் ஈயாடவில்லை, எங்கள் சோற்றுக் குண்டான் திருடுபோனபோதுகூட அழாதவள், என் வாசலுக்கு வந்த பொண்ணு செருப்பு களவு போச்சேய்யா, மானம் கப்பலேறிடுச்சே என்று அப்பாவிடம் அழுதாள், வாசலாம், எனக்குச் சிரிப்பும் வந்தது அழுகையும் வந்தது, அம்மா தன் ரப்பர் செருப்பை, வார் அறுந்து ஊக்கு மாட்டியதை, வேண்டாம் வேண்டாம் என்ற அக்காவின் காலில் மாட்டிவிட்டாள், நீ இன்னா பண்ணுவியோ தெரியாது, கதவு வச்ச எடமாப் பாரு, வர்றவங்க செருப்பு பத்திரமா இருக்கணும் என்றாள், இருமலுக்காகக் கேட்காதவள் செருப்புக்காகக் கேட்டாள்.

அக்கா தெருத்தெருவாக அலைந்தாள், பிளாட்பாரத்து ஆளுங்களா என்று முகம் சுளித்தவர்கள் எத்தனையோ பேர், கடைசியில் வியாசர்பாடியில் மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை, மழை பிடிக்கும் முன் கிடைத்தது, அம்மா அந்த மழையைத் தாண்டினாள், அடுத்தடுத்த மழைகளையும் தாண்டினாள், இப்போதும் என் கனவில் வால்டாக்ஸ் ரோட்டில் ஒரு கதவு நிற்கிறது, சுவர் இல்லை, கூரை இல்லை, வெறும் கதவு, அதைத் திறந்தால் குடிவந்த அந்த முதல் நாள், அக்கா வருகிறாள், காலில் அதே ஊக்குச் செருப்பு, வாசலில் கழற்றுகிறாள், அம்மா குனிந்து அதை எடுத்து வந்து உள்ளே சுவரோரம் ஒன்றோடொன்று ஒட்டி வைக்கிறாள், கதவைச் சாத்துகிறாள், அப்பா தலையை நிமிர்த்துகிறார், இன்னாமே சத்தம் அது, அம்மா இருமிக்கொண்டே சிரிக்கிறாள், நம்ம கதவுய்யா, இன்னொரு தபா சாத்து என்கிறார் அப்பா.