கஸ்பாரைப் புரட்டிப் படுக்க வைத்தவர்கள்

அறுபத்தெட்டாம் நாள் காலையில் அமலராணிக்கு ஒரு பரீட்சை நடந்தது. மதுரையில், ஆஸ்பத்திரி வார்டில், மகன் கஸ்பாரின் கட்டிலுக்குப் பக்கத்தில். நர்ஸ் ஜீவிதா கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தாள். கஸ்பாரின் தொண்டையில் துளை போட்டு ஒரு குழாய் வைத்திருந்தார்கள். அதன் வழியாகத்தான் அவன் மூச்சு விட்டான். அதற்குள் மெல்லிய ரப்பர் குழலை எவ்வளவு ஆழம் விட வேண்டும், பத்து எண்ணுவதற்குள் சளியை உறிஞ்சி எப்படி வெளியே எடுக்க வேண்டும் என்பதையெல்லாம் அமலராணி மூன்று வாரமாகக் கற்றிருந்தாள். இப்போது ஒன்றும் பிசகாமல் செய்து முடித்தாள்.

"டீச்சரம்மா, நான்கூட இம்புட்டுச் சுத்தமாப் பண்ண மாட்டேன். தாராளமா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள் ஜீவிதா.

கஸ்பாருக்கு இருபத்து நான்கு வயது. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் ஒரு மண்டியில் வேலை பார்த்தான். கேரளாவுக்குப் போகும் லாரிகளில் மூட்டை ஏற்றுவதை நின்று கவனிக்கும் வேலை. ஜூன் மாதம் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு வந்து நின்றது. ஒரு வாரம் கழித்துப் பாதம் மரத்தது. மறுநாள் பைக்கில் இருந்து இறங்கக் கால் ஊன்றியவன் அப்படியே சரிந்தான். மூன்றாம் நாள் மூச்சு விட முடியவில்லை. நோய்க்கு ஏதோ வெள்ளைக்காரப் பெயர் சொன்னார்கள். கிருமியை எதிர்க்க வேண்டிய உடம்பு தன் நரம்பையே தாக்கிவிட்டது என்று விளக்கினார்கள். நாற்பது நாள் மெஷின்தான் அவனுக்கு மூச்சு விட்டது. பிறகு தானாக மூச்சு வந்தது. ஆனால் கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையவில்லை. குழாய் இருந்ததால் பேச்சும் இல்லை. கண்ணும் இமையும் மட்டும் அவன் சொன்னபடி கேட்டன.

பெரிய டாக்டர் அமலராணியையும் அவள் கணவர் மரியராஜையும் உட்கார வைத்துப் பேசினார். "நரம்பு மெதுவாத்தான் வளரும். ஒரு வருஷம்கூட ஆகலாம். படுக்கைப்புண் வராமப் பாத்துக்கங்க, சளி கட்டாமப் பாத்துக்கங்க. மிச்சத்த அவன் உடம்பு பாத்துக்கும்."

அமலராணி அந்த வார்த்தையை விசுவாசப் பிரமாணத்துக்கு அடுத்தபடியாக வைத்துக்கொண்டாள். மரியராஜின் அண்ணன், "இன்னும் ரெண்டு மாசம் அங்கயே கெடக்கட்டுமே, வீட்ல வச்சு என்னத்தப் பண்ணுவீங்க?" என்று போனில் கேட்டபோது, "டாக்டர் சொன்ன ரெண்டையும் வீட்லயே பண்ணலாம் அத்தான்" என்று முடித்துவிட்டாள்.

மரியராஜ் திண்டுக்கல்லில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். பேச்சில் தைரியம் காட்டத் தெரியாத மனிதர். ஆனால் கடந்த பதினைந்து நாளில், பக்கத்து ஊரான அகரத்தில் தங்கள் வீட்டின் முன்னறையை அடையாளம் தெரியாமல் மாற்றியிருந்தார். சளி உறிஞ்சும் மெஷினுக்குத் தனி லைன், இன்வெர்ட்டர், ஜன்னலுக்குக் கொசுவலை, தலைப்பக்கம் உயர்த்தும் இரும்புக் கட்டில். "கரண்டப் பத்தி நீ யோசிக்காத. அது என் பாடு" என்று மனைவியிடம் சொல்லியிருந்தார்.

ஆம்புலன்ஸ் நடுப்பகலில் அகரம் வந்து சேர்ந்தது. வாசலில் முப்பது பேர் நின்றார்கள். அந்தத் தெருவில் உள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கும் அன்பியம் அது. முன்னால் நின்றவர் அதன் தலைவர் ராயப்பராஜ், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். கையில் மாதா சுரூபமும் பூமாலையும் வைத்திருந்தார்.

கஸ்பாரை உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்ததும் அமலராணி வெளியே வந்து கதவைச் சாத்தி, அதன் முன்னால் நின்றாள்.

"யாரும் உள்ள வர வேணாம்."

ராயப்பராஜ் சிரித்தார். "செத்த நேரம்தான் டீச்சர். ஒரு ஜெபமாலை சொல்லிட்டுப் போயிருவோம்."

"ஒருத்தருக்குச் சளி இருந்தாப் போதும் அண்ணே, என் பிள்ள திரும்ப மெஷினுக்குப் போயிருவான்."

"கடவுள் காரியத்த வாசல்ல நிறுத்துறீங்களா?"

"கடவுள் உள்ளதான் இருக்காரு. உங்களத்தான் நிறுத்துறேன்."

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை இருபது வருஷமாக உட்கார வைத்த குரல் அது. வந்தவர்கள் வெயிலில் தெருவிலேயே நின்று பத்து அருள்நிறை மந்திரம் சொல்லிவிட்டுக் கலைந்தார்கள். மாலையைக் கேட்டில் மாட்டிவிட்டு ராயப்பராஜ் திரும்பிப் பார்க்காமல் போனார். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போன மரியராஜிடம் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதைப் பற்றி நினைக்க அமலராணிக்கு நேரம் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கஸ்பாரை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் எலும்பு முட்டும் இடமெல்லாம் தோல் கன்றிப் புண்ணாகிவிடும். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் தலையையும் குழாயையும் பிடித்துக்கொள்ள, மற்றவர் தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்து உருட்ட வேண்டும். மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றுவது, சளி எடுப்பது, கை கால்களை மடக்கி நீட்டுவது எல்லாம் அதற்கு இடையில். மரியராஜ் கடையைப் பூட்டிப் போட்டுவிட்டார்.

ஆறாம் நாள் கஸ்பாரை உருட்டும்போது மரியராஜுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்று மத்தியானம் கஸ்பாரின் இடது இடுப்பெலும்பு மேல் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் சிவந்திருப்பதை அமலராணி பார்த்தாள். விரலால் அழுத்தினாள். சிவப்பு வெளுக்கவில்லை. புண்ணின் ஆரம்பம் அது.

"வலிக்குதா அப்பு?" என்று கேட்டாள். உணர்ச்சி அவனுக்கு இருந்தது. கஸ்பார் ஒரு முறை இமைத்தான். ஒன்று என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை. இரண்டரை மாதமாக அவனுக்கு இருந்த பேச்சு அவ்வளவுதான். ஆனால் அன்று அவன் அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வேறு ஏதோ சொல்ல இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

பழைய காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு எழுத்துகளை எழுதினாள். இருநூற்று நாற்பத்தேழையும் காட்டினால் விடிந்துவிடும். டீச்சர் அல்லவா, வழி தெரிந்திருந்தது. முதல் வரி வல்லினம், இரண்டாவது மெல்லினம், மூன்றாவது இடையினம், நான்காவது உயிர். முதலில் வரியைச் சொல்வாள். அவன் இமைத்ததும் அந்த வரியின் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தொடுவாள். பிறகு அதில் ஏறும் உயிரைக் கேட்பாள்.

கஸ்பார் நான்காவது வரியில் இமைத்தான். ஆ. பிறகு இடையினம். ள. அதில் உகரம்.

"ஆளு. சரி, மேல சொல்லு."

வ. ர.

அமலராணிக்கு முகம் மலர்ந்தது. "ஆளு வரக் கூடாதுங்கிறியா? அதான அப்பு? நான் ஒருத்தரையும் விட மாட்டேன்."

கஸ்பார் இரண்டு முறை இமைத்தான். இல்லை.

அவள் மறுபடி தாளை எடுத்தாள். ட், டு, ம். ஆளு வரட்டும்.

"கிருமி வந்துரும்டா."

அவன் மீண்டும் தாளைப் பார்த்தான். இந்தத் தடவை அரை மணி நேரம் ஆயிற்று. நடுவில் ஒரு முறை சளி எடுக்க வேண்டியிருந்தது. அமலராணி எழுதி முடித்ததைச் சத்தமாகப் படித்தாள். "கூரையப் பாத்தே கெடக்கேன்."

அவள் தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். அவன் நெஞ்சில் சளி இருக்கிறதா, வயிற்றில் கஞ்சி இறங்கியதா, தோல் சிவந்திருக்கிறதா என்று அவள் பார்க்காத இடம் இல்லை. நூறு பேர் கூச்சல் போடும் சந்தையில் நின்று பழகிய பிள்ளைக்கு அறுபத்தெட்டு நாளும் அதற்கு மேல் ஆறு நாளும் எப்படிப் போயிருக்கும் என்று மட்டும் அவள் யோசிக்கவே இல்லை.

சாயங்காலம் பக்கத்து வீட்டு முத்துப்பேச்சியைக் கை கால் கழுவ வைத்து மகனுக்குப் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, ராயப்பராஜ் வீட்டுக்குப் போனாள். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை.

"அண்ணே, அன்னைக்கு நான் சொன்னது சரிதான். சொன்ன விதம் தப்பு."

அவர் பேப்பரை மடித்தார். "உக்காருங்க டீச்சர்."

"எனக்கு ஆளு வேணும்."

"ஜெபத்துக்கா?"

"ஜெபத்த அவங்கவங்க வீட்ல சொல்லட்டும். எனக்குக் கை வேணும். ரெண்டு மணி நேரத்துக்கு ரெண்டு பேரு. குளிச்சிட்டு, தொவச்ச துணி போட்டு, முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வரணும். சளி, காய்ச்சல் உள்ளவங்க தெருப்பக்கமே வரக் கூடாது. வந்தவங்க அவன்கிட்ட ஏதாச்சும் பேசணும். சோகம் பேசக் கூடாது."

ராயப்பராஜ் உள்ளே போய் ஒரு நோட்டும் அடிக்கோலும் எடுத்து வந்தார். முப்பது வருஷம் டிரிப் ஷீட் எழுதிய கை. காலை ஆறிலிருந்து மறுநாள் விடிகாலை நாலு வரை கட்டம் போட்டார். முதல் கட்டத்தில் தன் பெயரை எழுதினார்.

விஷயம் தெருவில் பரவியது. முத்துப்பேச்சியின் கணவன் பொன்னழகு, செண்டுமல்லி பயிரிடுகிறவன், மறுநாள் தோட்டத்திலிருந்து நேராக வந்து நின்றான். "எம் பேரையும் எழுதுங்க. நாங்க மாரியாத்தா கும்புடுறவுக, பரவால்லயா?"

"கஸ்பாரப் புரட்டுறதுக்கு ஞானஸ்நானம் எதுக்குப்பா?" என்றார் ராயப்பராஜ்.

அமலராணி எல்லோருக்கும் பரீட்சை வைத்தாள். ஒரு நீளத் தலையணையை ஆளாகப் பாவித்து உருட்டிக் காட்டச் சொன்னாள். ராயப்பராஜ் முதல் தடவை தோற்றுப் போனார். தோளை மட்டும் இழுத்து இடுப்பை விட்டுவிட்டார். "நாளைக்கு வாங்க அண்ணே" என்றாள். அவர் மறுநாள் ஐந்தே முக்காலுக்கே வந்து நின்றார்.

வீட்டின் சத்தம் மாறியது. வருகிறவர்கள் கைகழுவும் குழாயடியிலேயே பேசத் தொடங்கிவிடுவார்கள். பொன்னழகு பூ விலையையும், எந்த லாரி எங்கே கவிழ்ந்தது என்பதையும் சொல்வான். மண்டிக்காரர்கள் பெரிய முருங்கைக்காய்க் கட்டோடு வந்து, ஓணத்துக்குச் சரக்கு ஏற்றிய கதையைச் சொல்லிவிட்டுப் போனார்கள். கோயிலில் பூசை வைக்கும் பங்குச்சாமி ஒரே ஒரு நாள் வந்து, அங்கியின் கையை மடித்துக் கழுவிவிட்டுத் தானும் ஒரு தடவை உருட்டிவிட்டுப் போனார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட முத்துப்பேச்சிதான் எழுத்துத் தாளை எல்லோரையும் விட வேகமாகப் பிடித்துக்கொண்டாள். ஒரு நாள் அவள் படித்துக் காட்டியது: "ராயப்ப மாமாவ வெத்தல போடாம வரச் சொல்லு."

ராயப்பராஜ் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாளிலிருந்து பல் விளக்கிவிட்டு வந்தார்.

இடுப்பெலும்புச் சிவப்பு ஒன்பது நாளில் மறைந்தது. மரியராஜ் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு கடையைத் திறந்தார்.

செப்டம்பர் கடைசியில் ஒரு பகல், முத்துப்பேச்சி கதை சொல்லிக்கொண்டிருந்தபோது கஸ்பாரின் உதடு நீலம் பாரித்தது. குழாயில் சளி உறைந்து அடைத்துவிட்டது. அவள் போட்ட சத்தத்தில் அமலராணி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "தலைய அசையாமப் பிடி" என்றாள். உள் குழாயைத் திருகி எடுத்துவிட்டு, தயாராக வைத்திருந்த மாற்றுக் குழாயை ஏற்றினாள். உறிஞ்சினாள். மூச்சு உள்ளே போகும் சத்தம் கேட்டது. நிறம் திரும்பியது. முத்துப்பேச்சி சுவரோரம் உட்கார்ந்து அழுதாள்.

"எதுக்குடி அழுகுற? நீ பிடிச்ச பிடி சரியா இருந்துச்சு" என்றாள் அமலராணி.

அக்டோபர் நடுவில் ஒரு காலை, பொன்னழகும் ராயப்பராஜும் கட்டிலின் இரு பக்கமும் நின்றார்கள். ராயப்பராஜ் தலையைப் பிடித்துக்கொள்ள, பொன்னழகு வழக்கம்போல் தோளுக்கும் இடுப்புக்கும் கை கொடுத்து உருட்டினான். பாதியில் நிறுத்திவிட்டான்.

"என்ன?" என்றார் ராயப்பராஜ்.

"இருங்க." பொன்னழகு அவனை மெதுவாகப் பழையபடி மல்லாக்கப் படுக்க வைத்தான். "மாப்ள, இன்னொரு தடவ."

மறுபடி உருட்டினான். அடுப்படிப் பக்கம் திரும்பிக் கத்தினான். "அக்கா! இங்க வாங்க! இவன் கனம் கொறஞ்சிருச்சு. இவனும் சேந்து தள்ளுறான்!"

அமலராணி வந்து மகனின் இடது தோளுக்குக் கீழே உள்ளங்கையை வைத்தாள். "தள்ளு அப்பு."

தோல்மேல் ஒரு எறும்பு நடப்பதைப் போல முதலில் ஒன்று தெரிந்தது. பிறகு தசை இறுகி, அவள் கையைத் தெளிவாக ஒரு முறை அழுத்தியது. அவள் எண்ணினாள். மூன்று எண்ணும்வரை நின்றது. கஸ்பாரின் முகம் முழுக்க வேர்த்திருந்தது. ராயப்பராஜ் தலையைப் பிடித்திருந்த கையை எடுக்க முடியாமல், தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதன் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. தோள், முழங்கை, விரல். டிசம்பரில் மதுரைக்குக் கூட்டிப்போய்த் தொண்டைக் குழாயை எடுத்தார்கள். துளையை மூடிக் கட்டுப் போட்டபின், நர்ஸ் ஜீவிதா அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகு, இடுப்பு, குதிகால் எல்லாம் உற்றுப் பார்த்தாள். ஒரு தழும்பு இல்லை.

"எத்தன பேரு வச்சுப் பாத்தீங்க டீச்சரம்மா?"

"இருபத்திரெண்டு பேரு" என்றாள் அமலராணி.

கட்டிலில் இருந்து காற்றும் கரகரப்பும் கலந்த ஒரு குரல் வந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று நின்று வந்தது.

"இருபத்தி மூணும்மா. பங்குச்சாமிய விட்டுட்ட."